கொன்டினென்டல் மார்க் 2: பேணப்பட்ட வண்டியும் பேணப்படாத வரலாறும்

வரலாற்று மாணவனுக்குக் கிடைக்கும் சான்றுகள் ஒருபோதும் நடுநிலையானவையல்ல. காலம் எல்லாப் பொருள்களையும் ஒரே அளவிலே அழிப்பதில்லை. அரசனின் மாளிகை கல்லாலானது. ஆகவே அது எஞ்சுகின்றது. அக்கல்லைச் சுமந்தவனின் குடிசை மண்ணாலானது. ஆகவே அது மண்ணோடு கலந்துவிடுகின்றது. பின்வரும் தலைமுறையினர் எஞ்சியவற்றைக் கொண்டே கடந்த காலத்தை உருவகித்துக் கொள்வதால், அவ்வுருவகத்திலே மாளிகைகள் நிறைந்தும் குடிசைகள் மறைந்தும் போகின்றன. இவ்வுண்மை பண்டைய உலகுக்கு மாத்திரம் உரியதன்று. பெருந்தொகை உற்பத்தியின் யுகமெனப்படும் இருபதாம் நூற்றாண்டுக்கும் இது பொருந்தும். அந்த யுகத்தின் தலையாய பண்டமாகிய மோட்டார் வண்டியை எடுத்து நோக்குவோமாயின் இது தெளிவாகும்.

அமெரிக்கத் தொழிலாளியும் விவசாயியும் ஓட்டிய வண்டிகளிற் பெரும்பாலானவை தேய்ந்து, துருப்பிடித்து, ஈற்றில் உலையிலே உருகி வேறு பொருள்களாயின. செல்வந்தர் வாங்கிய ஆடம்பர வண்டிகளோ குறைவாக ஓடி, கூரையின்கீழ் நின்று, இன்று சேகரிப்பாளரின் கூடங்களிலே மின்னுகின்றன. அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்றாகிய லிங்கன் கொன்டினென்டல் மார்க் 2 என்னும் வண்டியின் வரலாற்றை ஆராய்ந்து, நன்கு பேணப்பட்ட ஒரு வண்டி உண்மையில் எதனைப் பேணி வைத்திருக்கின்றது என்ற வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மார்க் 2 கூப்பே வகையைச் சேர்ந்தது. இரு கதவுகளும் தாழ்ந்த நிலையான கூரையும் உடைய வண்டியே கூப்பே எனப்படும். ஒரு குடும்பம் ஏறி இறங்குவதற்கு நான்கு கதவுகள் வசதியானவை. நீளமும் பாரமும் மிகுந்த ஒரு வண்டியை இரு கதவுகளோடு மாத்திரம் அமைப்பது, தேவையைப் பொருட்படுத்தாத வசதி தனக்குண்டு என்று வாங்குபவன் உலகுக்கு அறிவிப்பதாகும். ஆடம்பரக் கூப்பே என்ற வகையின் சமூகப் பொருள் இதுவே.

1. பலருக்கான வண்டியும் சிலருக்கான வண்டியும்

மார்க் 2 வண்டியை உருவாக்கிய நிறுவனம், அதற்கு நேர்மாறான ஒரு பண்டத்தினாற் புகழ்பெற்றது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஹென்றி போர்ட் 1903ஆம் ஆண்டு தமது கம்பெனியை நிறுவினார். 1908இல் 'ரி' மாதிரி வண்டியை வெளியிட்டார். 1913இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையிலே நகரும் பொருத்து வரிசை புகுத்தப்பட்டதும், ஒரு வண்டியின் அடிச்சட்டத்தைப் பொருத்துவதற்குத் தேவைப்பட்ட நேரம் பன்னிரண்டு மணிக்கும் மேற்பட்ட அளவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணியாகக் குறைந்தது. 1914இல் நாளொன்றுக்கு 5 டொலர் என்ற ஊதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தொழிலாளி தான் செய்யும் பண்டத்தைத் தானே வாங்கக்கூடும் என்ற நிலை உருவாயிற்று. 1927இல் உற்பத்தி நிறுத்தப்படும் வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'ரி' மாதிரி வண்டிகள் வெளிவந்தன. 1920களின் நடுப்பகுதியில் அவற்றுள் மலிவானதன் விலை 260 டொலர் வரை இறங்கியிருந்தது.

இந்த நிறுவனம் 1922ஆம் ஆண்டு, கடனில் மூழ்கியிருந்த லிங்கன் மோட்டார் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அதனைப் பொறுப்பேற்றவர் ஹென்றியின் ஒரே மைந்தராகிய எட்சல் போர்ட். 1919 முதல் போர்ட் கம்பெனியின் தலைவர் என்ற பதவி எட்சலுக்கு உரியதாயிருந்த போதிலும், உண்மையான அதிகாரம் தந்தையின் கையிலேயே இருந்தது. தந்தை பொருளின் பயனையும் மலிவையும் நோக்கினார். மைந்தர் அதன் வடிவத்தையும் அழகையும் நோக்கினார். எட்சல் தமது சுவைக்கு இடமளிக்கக்கூடிய களமாக லிங்கன் பிரிவே அமைந்தது.

1939ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, புளோரிடா மாநிலத்தின் பாம் பீச்சிற் கழிக்கும் விடுமுறைக்கெனத் தமக்கொரு தனி வண்டியை எட்சல் செய்வித்தார். அதனை வரைந்தவர் கம்பெனியின் வடிவமைப்பாளரான கிரெகொரி. ஐரோப்பிய வண்டிகளின் சாயல் கொண்டமையால் அது கொன்டினென்டல் எனப் பெயர்பெற்றது. பாம் பீச்சிலே அதைக் கண்ட செல்வந்தர்கள் தமக்கும் அத்தகைய வண்டி வேண்டுமென விரும்பினர். 1940 முதல் 1948 வரை, போர்க்காலம் நீங்கலாக, ஏறக்குறைய 5,300 வண்டிகள் செய்யப்பட்டன. 1951ஆம் ஆண்டு நியூயோர்க்கின் நவீன கலை அரும்பொருளகம் எட்டு மோட்டார் வண்டிகளைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது அவற்றுள் ஒன்றாக 1941ஆம் ஆண்டுக் கொன்டினென்டலும் இடம்பெற்றது. அதே காட்சியிலே போர்க்களத்துக்கெனச் செய்யப்பட்ட ஜீப் வண்டியும் இருந்தது என்பதனையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அழகு ஆடம்பரத்தின் தனியுடைமையன்று என்பதை அக்காட்சியை ஒழுங்கு செய்தோர் உணர்ந்திருந்தனர்.

2. தந்தையின் நினைவும் மைந்தரின் முயற்சியும்

எட்சல் 1943இல் தமது 49ஆவது வயதிற் காலமானார். கொன்டினென்டலும் 1948உடன் நின்றது. 1950களின் தொடக்கத்தில் அதற்கொரு வாரிசை உருவாக்கும் பொறுப்பு எட்சலின் கடைசி மைந்தராகிய வில்லியம் கிளே போர்ட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர் இருபதுகளில் இருந்த இளைஞர். ஜோன் ரைன்ஹார்ட் வடிவமைப்புக்குத் தலைமை தாங்கினார். முன்னர் கோர்ட் 810 என்னும் வண்டியை வடிவமைத்துப் புகழ்பெற்ற கோர்டன் பியூரிக் வண்டியுடலுக்குப் பொறுப்பானார். ஹார்லி கொப் தலைமைப் பொறியியலாளராகக் கடமையாற்றினார். வெளியிலிருந்து அழைக்கப்பட்ட வடிவமைப்பாளரும் போட்டியிட்டனராயினும், கம்பெனியின் உட்குழுவினது வடிவமே தெரிவு செய்யப்பட்டது.

1955 ஒக்டோபரிற் பாரிஸ் மோட்டார் காட்சியிலே மார்க் 2 அறிமுகமாயிற்று. அதன் தோற்றத்தின் சிறப்பை விளங்கிக்கொள்ள, அக்காலத்து அமெரிக்க வண்டிகளின் பொதுப்போக்கை அறிதல் அவசியம். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தினர் 1920கள் முதலாகவே ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றும் கொள்கையைக் கடைப்பிடித்து வந்தனர். சென்ற ஆண்டு வாங்கியவன் இந்த ஆண்டு தன் வண்டியைப் பழையதாகக் கருத வேண்டும் என்பதே அக்கொள்கையின் உட்கிடை. 1948ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் மீன்சிறகு போன்ற வாற்புறம் தோன்றியது. 1950களில் அச்சிறகுகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தன. குரோமிய அலங்காரமும் பெருகிற்று. மார்க் 2 இப்போக்கிலிருந்து விலகியது. நீண்ட முன்மூடி, குறுகிய கூரை, சிறகற்ற வாற்பகுதி, உதிரிச் சில்லின் வட்டத்தைக் குறிக்கும் பின்புற மேடு, மிகச் சிக்கனமான குரோமியம் என்பன அதன் இயல்புகள். ஆண்டுக்கொரு மாற்றத்தை நாடாத வடிவம் அது. விற்பனைக்காகப் பழமையாக்கப்படுவதைத் தொடக்கத்திலேயே மறுத்தமையால், பேணப்படுவதற்கெனவே பிறந்த வண்டி எனவும் இதனைக் கூறலாம்.

3. விலையும் உழைப்பும்

மார்க் 2 வண்டியின் விலை ஏறக்குறைய 10,000 டொலர். அக்காலத்தில் ஒரு சாதாரண போர்ட் வண்டியை 2,000 டொலர் அளவில் வாங்கலாம். 1956இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் ஏறத்தாழ 4,800 டொலர். அதாவது, நடுத்தர அமெரிக்கக் குடும்பமொன்று உண்ணாமலும் உடுக்காமலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தாலே இவ்வண்டியின் விலையைத் தேடலாம். எலிசபெத் டெய்லர், பிராங்க் சினாத்ரா போன்ற கலையுலகப் பிரபலங்கள் இதன் உரிமையாளர்களாயினர்.

இவ்விலைக்கு ஈடாக அளிக்கப்பட்டது பெரும்பாலும் மனித உழைப்பேயாகும். 368 கன அங்குல அளவுடைய எட்டு உருளை எஞ்சின், லிங்கன் பிரிவின் ஏனைய வண்டிகளுக்கும் உரியதுதான். ஆயின் மார்க் 2 வண்டிக்குரிய எஞ்சின்கள் அளவிற் துல்லியமான உறுப்புகளைத் தெரிந்தெடுத்துப் பொருத்தப்பட்டன. வண்டியுடலின் பகுதிகள் நிறம் பூசுவதற்கு முன்னரே ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்பட்டன. அரக்குச் சாயம் பல தடவை பூசப்பட்டு, கையினாலே தேய்க்கப்பட்டது. ஸ்கொத்லாந்தின் பிரிட்ஜ் ஒவ் வியர் என்னும் ஊரிலிருந்து இருக்கைத் தோல் வரவழைக்கப்பட்டது. முடிவுற்ற ஒவ்வொரு வண்டியும் வீதியிலே ஓட்டிச் சோதிக்கப்பட்டது. பொருத்து வரிசை எந்தக் கைத்திறனைத் தேவையற்றதாக்கியதோ, அதே கைத்திறனைப் பொருத்து வரிசையின் தாயகமே ஒரு சிலருக்காக மீண்டும் அழைத்துக்கொண்டது. இம்முரண்பாடே மார்க் 2 வண்டியின் வரலாற்றின் மையமாகும்.

தொழிலாளரின் நிலையையும் இங்கு நோக்குதல் தகும். போர்ட் கம்பெனி நெடுங்காலம் தொழிற்சங்கத்தை எதிர்த்து வந்தது. 1937 மே மாதம் ரூஜ் தொழிற்சாலையின் வாயிலிலே துண்டுப்பிரசுரம் வழங்க வந்த சங்கத்தினர் கம்பெனியின் காவலர்களால் தாக்கப்பட்டனர். 1941ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தோடு கம்பெனி முதன்முதலாக உடன்படிக்கை செய்தது. 1955 ஜூனில், அதாவது மார்க் 2 பாரிசிற் காட்டப்படுவதற்கு நான்கு மாதங்களின் முன், வேலையற்றிருக்கும் காலத்தில் தொழிலாளிக்குக் கம்பெனி துணை உதவிப்பணம் வழங்கும் ஏற்பாட்டை வோல்ட்டர் ரூதரின் தலைமையிலான அச்சங்கம் போர்ட்டிடமிருந்து பெற்றது. அமெரிக்க முதலாளித்துவத்தின் மிக வளமான ஆண்டுகள் அவை. மேலே ஆடம்பரக் கூப்பேயும் கீழே வேலையின்மைக் காப்பும் ஒரே செழிப்பின் இரு விளைவுகளாயின.

இத்தகைய வண்டியினாற் கம்பெனிக்கு இலாபம் கிடைக்கவில்லை. விற்ற ஒவ்வொரு வண்டியிலும் ஏறக்குறைய 1,000 டொலர் இழக்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. கம்பெனி ஒரு குடும்பத்தின் உடைமையாக இருந்தவரை, தந்தையின் நினைவுக்காகவும் பெயரின் மேன்மைக்காகவும் இந்நட்டத்தைத் தாங்கலாம். 1956 ஜனவரியிலே போர்ட் அறநிலையம் தன் பங்குகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றது. அன்று முதல் கம்பெனி பங்குதாரர்க்கும் கணக்குக் காட்டவேண்டியதாயிற்று. அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே தனித்து இயங்கிய கொன்டினென்டல் பிரிவு லிங்கன் பிரிவோடு இணைக்கப்பட்டது. 1957 மே மாதத்தில் உற்பத்தி முற்றுப்பெற்றது. செய்யப்பட்டவை எல்லாமாக ஏறக்குறைய 3,000 வண்டிகளே.

அதே 1957இன் செப்டெம்பரிலே, எட்சலின் பெயரையே தாங்கிய வேறொரு வண்டி நடுத்தர வகுப்பினரை நோக்கி வெளியிடப்பட்டது. சந்தை ஆய்வுகளையும் விளம்பரத்தையும் நம்பிச் செய்யப்பட்ட அவ்வண்டி படுதோல்வியடைந்து 1959 நவம்பரிற் கைவிடப்பட்டது. தந்தையின் பெயர் சூடிய வண்டி நகைப்புக்கு இடமாயிற்று. பெயர் சூடாத வண்டியே அவருக்கு நினைவுச் சின்னமாயிற்று. பின்னர் 1968இல் வெளிவந்த மார்க் 3, தண்டர்பேர்ட் வண்டியின் அடிச்சட்டத்தின்மீதே அமைக்கப்பட்டுப் பெரும் இலாபம் ஈட்டியது. ஆடம்பரத்தின் தோற்றத்தைப் பெருந்தொகை உற்பத்தியிலேயே படைக்கலாம் என்பதை முதலாளித்துவம் அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது.

4. பேணுதலும் புதுப்பித்தலும்

இனி, எஞ்சியுள்ள வண்டிகளை நோக்குவோம். சேகரிப்பாளர் மத்தியிலே இருவகை அணுகுமுறைகள் உள்ளன. ஒன்று புதுப்பித்தல், வண்டியை முற்றாகக் கழற்றி, பழைய சாயத்தைச் சுரண்டி, குரோமியத்தை மீண்டும் பூசி, தோலை மாற்றி, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்ததைப் போன்று ஆக்குதல். மற்றொன்று பேணுதல், வண்டி தொடக்கத்திற் கொண்டிருந்த சாயம், தோல், கண்ணாடி, உறுப்புகள் ஆகியவற்றை, அவற்றிற் படிந்த மூப்போடு, இயன்றவரை மாற்றாது காத்தல். நெடுங்காலம் முதல்வகைக்கே பரிசுகளும் மதிப்பும் கிடைத்தன. பிற்காலத்தில் இரண்டாவது வகையும் மதிப்புப் பெற்றது. கலிபோர்னியாவின் பெபிள் பீச் போன்ற புகழ்பெற்ற காட்சிகளிலே பேணப்பட்ட வண்டிகளுக்கெனத் தனிப்பிரிவு ஏற்பட்டமை இதற்குச் சான்று. 2014ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுத் திணைக்களத்தின் ஒத்துழைப்போடு வரலாற்று முக்கியத்துவமுடைய வண்டிகளை ஆவணப்படுத்தும் தேசியப் பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது.

இம்மாற்றம் வரலாற்று மாணவனுக்கு மிகவும் பயனுடையது. புதுப்பிக்கப்பட்ட வண்டியை, பிற்காலத்தார் திருத்தி எழுதிய ஓர் ஏட்டுக்கு ஒப்பிடலாம். எழுத்துப் பிழைகள் நீங்கியிருக்கும். மூலத்தை எழுதியவனின் கையும் அதனோடு நீங்கியிருக்கும். பேணப்பட்ட வண்டியோ மூல ஏட்டைப் போன்றது. அக்காலத்து அமெரிக்கத் தொழிற்சாலைகளிலே சோதனையாளரும் பொருத்துநரும் அடிச்சட்டத்திலும் எஞ்சினறைச் சுவரிலும் சுண்ணக்கட்டியாலும் மெழுகுக்கோலாலும் அடையாளங்களை இடுவது வழக்கம். ஓர் உறுப்பு சோதிக்கப்பட்டது என்பதற்கு ஒரு கோடு. எந்த வண்டிக்கு உரியது என்பதற்கு ஓர் இலக்கம். வாங்குபவன் காண்பதற்காக அவை எழுதப்படவில்லை. தொழிலாளி ஒருவன் மற்றொரு தொழிலாளிக்கு எழுதியவை அவை. விளம்பரங்களிலும் நிர்வாகிகளின் நினைவுக் குறிப்புகளிலும் பெயரற்றுப் போன அம்மனிதனின் கையெழுத்து, அழுக்குப் படிந்த அந்த உருக்குத் தகட்டிலேதான் எஞ்சக்கூடும். புதுப்பிப்பவனின் மணற்பீச்சு முதலில் அழிப்பதும் அதனையே.

இதற்கு மறுப்பாகச் சில கூறப்படலாம். துரு தின்னும் வண்டியை அப்படியே விட்டுவிட்டாற் பேணுவதற்கே ஒன்றுமிராது என்பது ஒன்று. இது நியாயமானதே, அழிவின் விளிம்பில் நிற்கும் வண்டிக்குப் புதுப்பித்தலே உயிரளிக்கும். அவ்வாறு செய்யும்போது இருந்த அடையாளங்களை முதலிற் படமெடுத்துப் பதிவு செய்தல் பொருத்தமானது. செல்வந்தரின் விளையாட்டுப் பொருளுக்கு இத்தகைய ஆராய்ச்சி தகுமா என்பது மற்றொன்று. மாளிகையைக் கட்டியவன் மன்னன் அல்லன் என்பதே இதற்கு விடை. குடிசை அழிந்துபோன நிலையில், குடிசையிலிருந்தவனைத் தேடுவதற்கு நமக்குள்ள இடங்களுள் அவன் கட்டிய மாளிகையின் சுவரும் ஒன்றாகும்.

5. இரண்டு நினைவுச் சின்னங்கள்

எட்சல் போர்ட் உலகுக்கு விட்டுச் சென்றது கொன்டினென்டல் மாத்திரமன்று. 1932–33இல் மெக்சிக்கோ ஓவியரும் பொதுவுடைமைவாதியுமாகிய டியேகோ ரிவேரா, டெட்ரோயிற் கலை நிலையத்தின் சுவர்களிலே 27 பகுதிகளாகத் தீட்டிய தொழிற்சாலை ஓவியங்களுக்குப் பொருளுதவி செய்தவரும் இவரே. ரிவேரா வருவதற்குச் சற்று முன்னர், 1932 மார்ச் மாதம், ரூஜ் தொழிற்சாலையை நோக்கி ஊர்வலமாகச் சென்ற வேலையற்றோர்மீது துப்பாக்கிப் பிரயோகம் செய்யப்பட்டு நால்வர் மாண்டனர். காயமுற்ற மற்றொருவர் பின்னர் இறந்தார். அத்தகைய சூழலிலே தீட்டப்பட்ட அவ்வோவியங்களில், உலைகளுக்கும் இயந்திரங்களுக்கும் இடையே வளைந்தும் நிமிர்ந்தும் உழைக்கும் மனிதர்களே சுவரை நிறைத்து நிற்கின்றனர். முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட வண்டியோ, தொலைவிலே, மிகச் சிறியதாய், தேடிக் காணவேண்டிய அளவில் இடம்பெறுகின்றது. சேகரிப்பாளரின் கூடத்திலே நிலைமை தலைகீழானது. அங்கு வண்டி ஒளிவெள்ளத்தில் நிற்க, அதனைச் செய்தவன் காணப்படுவதில்லை. ஒரே மனிதரின் செல்வத்திலிருந்து இவ்விரு பார்வைகளும் பிறந்தன என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

டெட்ரோயிற் நகரின் பிற்கால வரலாறு இவ்விரு சின்னங்களையும் மீண்டும் இணைத்து நோக்கச் செய்கின்றது. 1950இல் ஏறக்குறைய 18½ இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரிலே 2020இல் எஞ்சியோர் 6½ இலட்சத்துக்கும் குறைவு. 2013 ஜூலையில் நகராட்சி வங்குரோத்து அடைந்ததாக நீதிமன்றத்தை நாடியது. கலை நிலையத்தின் சேகரிப்பை விற்றுக் கடன் தீர்க்கலாமா என்ற வினா எழுந்தது. நகர ஊழியரின் ஓய்வூதியமும் ஆபத்துக்குள்ளாயிற்று. 2014இல் எட்டப்பட்ட இணக்கத்தின்படி அறநிலையங்களும் மாநில அரசும் பிறரும் 80 கோடி டொலருக்கு மேல் வழங்க உடன்பட்டனர். அவற்றுள் போர்ட் அறநிலையம் 12½ கோடி டொலரை ஏற்றது. ஓவியங்கள் காப்பாற்றப்பட்டன. எனினும் நகரின் பொது ஊழியராயிருந்து ஓய்வுபெற்றோர் தம் ஓய்வூதியத்தில் 4½ சதவீதக் குறைப்பை ஏற்க வேண்டியிருந்தது. அழகிய பொருள்களைப் பேணுவதற்கு விலை உண்டு என்பதையும், அவ்விலையில் ஒரு பங்கை உழைத்துக் களைத்தவரே செலுத்துகின்றனர் என்பதையும் இந்நிகழ்ச்சி தெளிவாக்கியது.

முடிவாக நோக்குமிடத்து, மார்க் 2 அழகிய வண்டி என்பதில் ஐயமில்லை. அதனைப் பேணுவோரின் உழைப்பும் பாராட்டுக்குரியது. ஆயின் அவ்வண்டியைப் பேணுவது ஒரு சிலரின் செல்வத்தை வியப்பதோடு நின்றுவிடுமாயின் அது வரலாறாகாது. 10,000 டொலர் கொடுத்து அதனை வாங்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அதன் சாயத்தைக் கையினாலே தேய்த்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. இனி ஒரு பழைய ஆடம்பர வண்டி அரும்பொருளகத்திலே காட்சிக்கு வைக்கப்படும்போது, அதன் முன்மூடியைத் திறந்து, எஞ்சினறைச் சுவரிலே மங்கிக் கிடக்கும் சுண்ணக்கோட்டின்மீதும் ஒரு விளக்கைப் பொருத்துவார்களாயின், பார்க்க வருவோர் அந்த யுகத்தின் வரலாற்றிலே மறைந்து கிடக்கும் மறுபாதியையும் காண வழி பிறக்கும்.